நண்டு வானுக்கு மாற்றிய ஸ்டியரிங்

ஒரு வாகனத்தின் ஸ்டியரிங்கைக் கழற்றி மடியில் வைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு படபடக்கும். முப்பத்தெட்டு வருடம் வாகன வயர்களோடு கிடந்து போன வருடம் ஓய்வு பெற்றவன் நான். ஆனால் அந்தப் படபடப்பு இன்னும் ஓய்வு பெறவில்லை.

வாகன இறக்குமதி மறுபடி தொடங்கி, புதுப்புது வாகனங்கள் ஏ-ஒன்பது வீதியில் ஓடத் தொடங்கிவிட்டன. ஸ்டியரிங்கிலேயே இருபது பொத்தான். கிளிநொச்சியில் நான் கடைசியாக வேலை செய்த வாகனத் திருத்தக் கராச்சிலிருந்து போன கிழமை ஒரு அழைப்பு வந்தது. "குணம் அண்ணை, நண்டு வானுக்கு நீங்கள் ஸ்டியரிங் மாத்தின கதையை ஒருக்கா எழுதித் தாங்கோ. இஞ்சை ஆளாளுக்கு ஒவ்வொரு மாதிரிச் சொல்லினம்" என்றார்கள். ஆளாளுக்குச் சொன்னால் நான் விட்ட பிழை கட்டாயம் விடுபட்டுப் போயிருக்கும். ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

வேலை பழகியது வவுனியாவில். பழகி முடித்து வன்னிக்குள் வர, போரால் பாதை மூடிக்கொண்டது. பெற்றோலும் இல்லை, பற்றறியும் இல்லை. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை இருமவைத்து ஓட்டினோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டோம். றேடியோவின் உறுப்பை எடுத்து லைட்டுக்கும், லைட்டின் உறுப்பை எடுத்துத் தண்ணீர்ப் பம்புக்கும் போட்டுப் பழகிய கை இது. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். எல்லாம் முடிந்து முகாமிலிருந்து வந்து, மின்சாரம் அளக்கும் மீற்றரைத் திரும்பக் கையில் எடுத்தபோது எனக்கு நாற்பத்தைந்து வயது.

ஐம்பத்திரண்டு வயதில்தான் தர்சினி மிஸ்ஸிடம் வேலைக்குச் சேர்ந்தேன். மல்லாவிப் பெண். எனக்கு மகள் இருந்தால் அவவின் வயதுதான் இருக்கும். ஜப்பானில் இரண்டு வருடம் பயிற்சி எடுத்து வந்து, அந்தக் கராச்சுக்கு மேற்பார்வையாளராக இருந்தா. குரலை உயர்த்தி அவா பேசி நான் கேட்டதில்லை. வாகனத்தைத் தொடமுன் கை கழுவுவா. வேலை நடக்கும் இடத்துக்கு ஒரு சின்ன முக்காலியைக் கொண்டுவந்து போட்டு, வேலை விபரம் எழுதும் ஜொப் காட்டை மடியில் வைத்துக்கொண்டு இருப்பா. ஒன்றும் சொல்ல மாட்டா. அந்தச் சொல்லாமல் இருப்பதுதான் எங்களுக்குப் பயம்.

சேர்ந்த முதல் கிழமையே பிடிபட்டேன். ஒரு காரில் எயார்பாக் லைட் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. மோதினால் ஸ்டியரிங்கிலிருந்து வெடித்து ஊதும் காற்றுப்பைதான் எயார்பாக். அதன் மஞ்சள் பிளக்கைக் கழற்றி, மீற்றரின் முனையை உள்ளே வைக்கப் போனேன். மிஸ் முக்காலியில் இருந்தபடியே கையை நீட்டி அந்தப் பிளக்கைப் பொத்திப் பிடித்தா.

"அண்ணை, உதிலை மீற்றர் வைச்சால் வெடிக்குமோ, வெடிக்காதோ?"

"வெடிக்காதெண்டு நினைக்கிறன் மிஸ்."

"தெரியுமோ, நினைக்கிறியளோ?"

நான் மீற்றரைக் கீழே வைத்தேன்.

"மீற்றருக்குள்ளை இருக்கிற பற்றறியே அதை வெடிக்க வைக்கக் காணும். உங்கடை முகம் ஒரு சாண் தூரத்திலை இருக்கு" என்றா. ஏச்சு இல்லை, நக்கல் இல்லை. எழுந்து போய்விட்டா. எனக்கு அன்றைக்கு வேர்த்த வேர்வை மாரியிலும் காயவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் அந்தக் கேள்விக்குப் பழகிக்கொண்டோம். தெரிந்தால் தெரியும் என்போம். தெரியாவிட்டால் அளந்துபார்த்து வருவோம்.

இனி அந்த நண்டு வானின் கதைக்கு வருகிறேன்.

இறக்குமதி நின்றிருந்த காலம். ஒருவராலும் வாகனம் மாற்ற முடியாது, உள்ளதைத் திருத்தி ஓடவேண்டும். ஒரு நாள் காலையில் பழைய ஜப்பான் வான் ஒன்று முற்றத்துக்குள் வந்து நின்றது. அது நிற்கமுன்பே உப்பும் சேறுமான களப்பு மணம் வந்துவிட்டது. ஓட்டி வந்தவ ரெஜினா, முல்லைத்தீவுக் கடற்கரைப் பெண், நாற்பத்தைந்து வயது மட்டில் இருக்கும். நந்திக்கடலிலும் கொக்கிளாயிலும் பிடிக்கிற களிநண்டுகளை உயிரோடு வாங்கிக் கட்டி, ஈரச் சாக்குப் போட்டு மூடி, நீர்கொழும்புக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவவின் தொழில். நண்டு உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் விலை. செத்த நண்டை நாயும் மோந்து பார்க்காது.

ரெஜினா ஒரு நண்டுக் கூடையை இறக்கி மேசையில் வைத்தா. உள்ளே சாக்கில் சுற்றி ஒரு ஸ்டியரிங்!

"இதை என்ரை வானுக்குப் பூட்ட வேணும். குரூஸும் வேலை செய்ய வேணும். வேறை இடத்திலை கேட்டனான். ஸ்டியரிங்கோ குரூஸோ, ஒண்டைச் சொல்லுங்கோ எண்டவை. எனக்கு ரெண்டும் வேணும்."

குரூஸ் என்பது வேகத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு. அறுபதில் ஒருமுறை பதித்துவிட்டால், அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தாலும் வாகனம் அறுபதிலேயே போகும். பிறேக்கைத் தொட்டதும் விட்டுவிடும். எங்கள் பக்கத்தில் பலர் தங்கள் வாகனத்தில் அது இருப்பதே தெரியாமல் ஓடுவார்கள். அதற்காக ஒருவர் இப்படி மல்லுக்கு நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஏன் தங்கச்சி ரெண்டும்?" என்று கேட்டேன்.

வலது கையை மேசையில் வைத்துக் காட்டினா. பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டுந்தான் இருந்தன. "கடைசிச் சண்டையிலை" என்றா. "முழங்காலுக்குள்ளையும் ஒரு துண்டு இருக்கு. எடுக்க வேண்டாம் எண்டு டொக்டர் சொன்னவர். அரை மணித்தியாலம் அக்சிலேற்றரை மிதிச்சால் கால் தீயா எரியும். நிப்பாட்டி நிப்பாட்டிப் போனால் வெயில் ஏறி நண்டு சாகும். குரூஸ் இருக்கிறதாலைதான் இந்தத் தொழில் செய்யிறன்."

"அப்ப பழைய ஸ்டியரிங் இருக்கட்டுமே?"

"அண்ணை, வந்து பிடிச்சுப் பாருங்கோ."

போய்ப் பிடித்துப் பார்த்தேன். மரம் போல மினுக்கிய தடித்த வளையம். வேர்த்த கையில் விலாங்கு மீன் மாதிரி வழுக்கியது. இரண்டு விரலால் அதைப் பிடிக்க ஏலாது. அதைவிட, குரூஸின் தண்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் வலப்பக்கம் கீழே இருந்தது. அதைத் தட்ட, ரெஜினா இடது கையை ஸ்டியரிங்கில் இருந்து எடுத்துக் குறுக்கே நீட்டவேண்டும். அந்த நேரம் வானைப் பிடித்திருப்பது இரண்டு விரல்!

"ஒட்டுசுட்டான் வளைவிலை ஒருநாள் வழுக்கிப் பத்தைக்குள்ளை போயிட்டன்" என்றா. "கட்டு அறுந்து நண்டெல்லாம் வானுக்குள்ளை ஓடித்திரிஞ்சது" என்று சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவா கொண்டுவந்தது அதே கம்பனியின் பிந்திய மாதிரி ஸ்டியரிங். மெல்லிய தோல் வளையம், நல்ல பிடி. மிஸ் பாக இலக்கங்களை ஒப்பிட்டு, ரெஜினாவின் சொந்த எயார்பாக்கே அதில் பொருந்தும் என்று உறுதிப்படுத்தினா. ஆனால் குரூஸுக்கு அதில் இடமே இல்லை. இடப்பக்கம் நாலு பொத்தான் இருந்தது, நாலும் றேடியோவுக்கு. சத்தம் கூட்ட, குறைக்க, பாட்டு மாற்ற, றேடியோவைத் தெரிவுசெய்ய.

நான் அந்த நாலு பொத்தானையும் பார்த்தேன். இடது பெருவிரல் படுகிற இடம். எனக்குள் ஏதோ துள்ளியது.

"தங்கச்சி, நீர் வானுக்குள்ளை பாட்டுக் கேக்கிறனீரோ?"

"நண்டு கிலுக்குற சத்தமே எனக்குக் காணும் அண்ணை."

"மிஸ்! இந்தப் பொத்தானுகளையே குரூஸ் ஆக்குவம்!" என்று கத்தியே விட்டேன்.

மிஸ் ஜொப் காட்டில் இருந்து தலையை நிமிர்த்தி, "அளந்து காட்டுங்கோ" என்றா.

விசயம் இதுதான். பழைய தண்டை ஒவ்வொரு பக்கமும் தட்டும்போது, அது வானின் கணினிக்கு ஒவ்வொரு அளவு மின்தடையைக் காட்டும். கணினி அந்த எண்ணை வாசித்து, இது 'பதி', இது 'கூட்டு', இது 'விடு' என்று விளங்கிக்கொள்ளும். றேடியோப் பொத்தான்களும் அப்படித்தான், ஆனால் அவை காட்டும் எண்கள் வேறு. ஒரே பாசை, வேறு சொற்கள். சொற்களை மாற்றினால் போதும். தண்டை மேசையில் வைத்து அளந்தேன். பூச்சியம், இருநூற்று நாற்பது, அறுநூற்று முப்பது, ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது ஓம். எங்கள் ஊரில் சம்மதம் சொல்வதும் ஓம், மின்தடையை அளப்பதும் ஓம். அன்றைக்கு எனக்கு எல்லாமே ஓம்!

கழற்றும் முறையில் மிஸ்ஸிடம் விட்டுக்கொடுப்புக் கிடையாது. வானின் முன் சில்லுகளை நேராக நிறுத்த வேண்டும். பற்றறியின் வயரைக் கழற்றிப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும், எயார்பாக்கில் தேங்கிய மின்சாரம் இறங்கும் மட்டும். அந்தப் பதினைந்து நிமிடமும் அவா முக்காலியில் இருந்து மணிக்கூட்டைப் பார்ப்பா, பதின்மூன்றாவது நிமிடத்தில் கைவைக்க ஏலாது. பிறகு எயார்பாக்கைக் கழற்றி, முகம் மேலே பார்க்கத் தனி மேசையில் வைக்க வேண்டும். நடு நட்டைத் தளர்த்தி, நாலு புரி விட்டுவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இழுக்கிற வேகத்தில் ஸ்டியரிங் வந்து மூக்கை உடைக்கும்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு தட்டையான கறுப்புப் பெட்டி இருக்கும். அதற்குள் சுருட்டி வைத்த ஒரு நாடா. ஸ்டியரிங்கைச் சுற்றச் சுற்ற நாடா சுருண்டு விரியும். எயார்பாக், ஹோர்ன், குரூஸ் எல்லாவற்றின் மின்சாரமும் அந்த நாடாவுக்குள்ளால்தான் வருகிறது. அது சரிநடுவில் இருக்க வேண்டும். நடு தவறினால், ஒரு பக்கம் முழுதாகத் திருப்பும்போது நீளம் போதாமல் அறுந்துவிடும்.

இரண்டு நாள் பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்திருந்தேன். பொத்தான் பலகையில் எள்ளு அளவு மின்தடைகளை எடுத்து, நான் அளந்த எண்ணுக்குப் புதியவற்றைச் சோல்டர் பிடித்தேன். சத்தம் கூட்டும் பொத்தான் வேகத்தைக் கூட்டும், விட்ட வேகத்தைத் திரும்பப் பிடிக்கும். குறைக்கும் பொத்தான் வேகத்தைப் பதிக்கும், பதித்தபின் குறைக்கும். பாட்டு மாற்றுவது குரூஸை விடும். றேடியோவைத் தெரிவுசெய்வது குரூஸைப் போடும், நிறுத்தும். மீற்றரில் நாலு எண்ணும் சொல்லிவைத்த மாதிரி வந்தன. நான் கதிரையை விட்டு எழும்பி ஒரு சுற்றுச் சுற்றினேன், சத்தியமாக!

மிஸ் வந்து பார்த்தா. அவவின் முகத்திலும் ஒரு வெளிச்சம். ஆனால் கேட்டது இதை: "நாளைக்கு வேறை ஆராவது இந்த வானை ஓடினால்? றேடியோச் சத்தத்தைக் கூட்டுறன் எண்டு அமத்துவினம். வான் பாயும்."

எனக்கு அது தோன்றவே இல்லை. பொத்தான்களில் இருக்கும் றேடியோப் படங்களோடு வானை வெளியே விடமாட்டேன் என்றா மிஸ். பொத்தான்களின் முகத்தை அரத்தாளால் தேய்த்து எடுத்து, ஊசியால் புதிதாகக் கீறி, வெள்ளைப் பெயின்ற் நிரப்பினேன். வேகமானியின் படம், கூட்டல், கழித்தல், ஒரு குறுக்குக் கோடு. அதற்கே ஒரு பின்னேரம் போனது.

இனி என் பிழை.

பூட்டுகிற நேரம் மிஸ் கேட்டா: "நாடா நடுவிலை இருக்கெண்டு தெரியுமோ, நினைக்கிறியளோ?"

கழற்றும்போது நடுவில்தான் இருந்தது. ஆனால் அந்த இரண்டு நாளில் நானே ஒரு வயரைத் தேடி அந்தப் பெட்டியைத் தொட்டிருந்தேன். அது சுழன்றதா என்று பார்க்கவில்லை. நாலு பொத்தானும் சரிவந்த சந்தோசத்தில் இருந்த நான், "தெரியும் மிஸ்" என்றேன். அவா நம்பினா.

பூட்டினோம். எயார்பாக் லைட் அணைந்தது, ஹோர்ன் அடித்தது. ரெஜினாவை நாங்கள் அழைத்திருந்ததால் அவவும் பஸ்ஸில் வந்திருந்தா. நான் வானை முற்றத்தில் பின்னால் எடுத்து, வலப்பக்கம் முழுதாகத் திருப்பினேன். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். எயார்பாக் லைட் எரிந்தது. ஹோர்ன் செத்தது. குரூஸ் செத்தது.

நான் கதவைத் திறக்காமல் உள்ளேயே இருந்தேன். மிஸ் யன்னலடிக்கு வந்து நின்றா.

"நான் பாக்கேல்லை மிஸ். தெரியுமெண்டு சொன்னது பொய்."

அவா ஜொப் காட்டைத் திறந்து, 'எங்கள் பிழையால் நாடா அறுந்தது' என்று எழுதிவிட்டு, "ரெஜினா அக்காவுக்கு நீங்களே சொல்லுங்கோ. நான் பக்கத்திலை நிக்கிறன்" என்றா. அதுமட்டும்தான். அப்படி ஒரு மேற்பார்வையாளர் முகத்தைத் திருப்பாமல் பக்கத்தில் நிற்பது ஏச்சை விடப் பாரம்.

சொன்னேன். ரெஜினா கையை நீட்டி ஹோர்னை அழுத்திப் பார்த்தா, சத்தம் வரவில்லை.

"பொய் சொல்லாமல் சொன்னதாலை நான் கத்தேல்லை அண்ணை" என்றா. "ஆனா நண்டுக்கு உங்கடை உண்மை விளங்காது. நாளையிண்டைக்குப் பின்னேரம் ஏத்த வேணும். நான் சொல்லிப்போட்டன், எல்லாரும் கட்டி வைச்சிருக்கினம்."

அறுந்த நாடாவை ஒட்ட முடியாது. எயார்பாக் அதில் தொங்குகிறது, ஒட்டுப் போட்டு ஒருவரின் நெஞ்சுக்கு முன்னால் வைக்கக்கூடாது. கொழும்பில் விசாரித்தோம், இல்லை. எடுத்துத் தரலாம் என்றவர்கள் ஒரு கிழமை கேட்டார்கள், அது எங்களிடம் இல்லை. கடைசியாக நெடுங்கேணி நிஸ்தார் நானாவின் ஞாபகம் வந்தது. புத்தளத்தில் நீண்ட காலம் இடம்பெயர்ந்திருந்து, திரும்பி வந்து, உடைந்த வாகனங்களை வாங்கி வைத்து உறுப்பு விற்கிறவர்.

"அதே மாதிரி வான் ஒண்டு கிடக்கு. ஆனை தட்டினது" என்றார் தொலைபேசியில். "முன்பக்கம் நல்லம். ஆனா ஒண்டரை வருசமா ஒருத்தரும் கதவு திறக்கேல்லை."

மறுநாள் விடிய மிஸ்ஸே கராச் பிக்கப்பை எடுத்தா. புளியங்குளத்தில் திரும்பி நெடுங்கேணிக்குப் போனோம். காட்டு ஓரத்துக் காணியில் அந்த வான் ஒருபக்கம் நசுங்கிக் கிடந்தது. நான் கதவை இழுத்துத் திறந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டேன். உள்ளே தேங்காய் அளவு குளவிக்கூடு!

"ஓடுங்கோ!" என்று கத்தினார் நிஸ்தார் நானா. ஒருநாளும் வேகமாக நடக்காத தர்சினி மிஸ், ஜொப் காட்டைத் தலையில் பிடித்தபடி ஓடின ஓட்டத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எனக்குக் காதடியில் இரண்டு கொட்டு. நானா தேங்காய்த் தும்பு எரித்துப் புகை போட்டார், சுண்ணாம்பு தடவிவிட்டார். மிஸ் மரத்துக்குப் பின்னால் நின்று, சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினா. நானும் சிரித்தேன். பிழை விட்ட பிறகு நான் முதல்தரம் சிரித்தது அப்போதுதான்.

புகை அடங்க நாடாப் பெட்டியைக் கழற்றினேன். வயர் ஒவ்வொன்றையும் மீற்றரில் பார்த்தேன், எயார்பாக்கின் பிளக் பூட்டாமல்தான். எல்லாம் உயிரோடு இருந்தன!

பின்னேரம் கராச்சில் மிஸ்ஸுக்கு முன்னால் வைத்து நடுவைப் பிடித்தேன். மெல்ல வலப்பக்கம் சுற்றி, நிற்கும் இடத்தில் நிறுத்தினேன். அங்கிருந்து திரும்ப, ஒன்று, இரண்டு, அரை என்று சத்தம் போட்டு எண்ணினேன். பெட்டியில் இருந்த நடுக்குறிகள் இரண்டும் நேர்ப்பட்டன. அசையாமல் இருக்க ஒட்டும் ரேப் போட்டேன். அவா கேட்கமுன்பே, "இது தெரியும் மிஸ்" என்றேன். பூட்டியபின் ஸ்டியரிங்கை இடம் முழுதாகவும் வலம் முழுதாகவும் பத்துத் தரம் திருப்பினோம். ஒரு சத்தமும் இல்லை.

அடுத்த நாள் காலை பரிசோதனை ஓட்டம். ரெஜினா ஓட்ட, மிஸ் முன்னால், நான் பின்னால் வெறும் நண்டுக் கூடைகளோடு. மாங்குளம் சந்தி வரை போய்த் திரும்புவது என்று ஒப்பந்தம். முறிகண்டி தாண்டி வீதி நேரானதும் மிஸ், "இப்ப போடுங்கோ" என்றா. ரெஜினாவின் இடது பெருவிரல் பொத்தானைத் தொட்டது. பச்சை விளக்கு! அறுபதில் பதித்தா. காலை எடுத்தா. முள் அறுபதிலேயே நின்றது!

"பிடிச்சிட்டுது!" என்றா ரெஜினா. "அண்ணை, பிடிச்சிட்டுது!"

கூட்டினா, கூடியது. குறைத்தா, குறைந்தது. மிஸ் விடாமல் பத்துத் தரம் பிறேக்கைத் தொடவைத்தா, பத்துத் தரமும் குரூஸ் விட்டது. கால் எப்போதும் பிறேக்குக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும், மழையில் போடக்கூடாது என்று இரண்டு தரம் திருப்பிச் சொல்லவைத்தா. நான் பின்னால் இருந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். வலது கையின் இரண்டு விரலும் மெல்லிய வளையத்தைக் கொளுவிப் பிடித்திருந்தன. இடது கை ஒருதரமும் ஸ்டியரிங்கை விட்டு எழும்பவில்லை.

மாங்குளம் சந்தி வந்தது. ரெஜினா பிறேக் பிடித்து, சந்தியைத் தாண்டி, பெருவிரலால் கூட்டல் பொத்தானை அழுத்தினா. வான் தானாகப் பழைய அறுபதுக்கு வேகம் எடுத்தது.

"அக்கா, திரும்ப வேணும்" என்றா மிஸ்.

"இன்னும் கொஞ்சத் தூரம் போவம் மிஸ்."

மிஸ் மணிக்கூட்டைப் பார்த்தா. அவவுக்கு ஒழுங்கு என்றால் ஒழுங்கு.

"புளியங்குளம் மட்டும்" என்றா.

புளியங்குளத்திலும் ரெஜினா திரும்பவில்லை, மிஸ்ஸும் கேட்கவில்லை. ஓமந்தையில் மிஸ் ஜொப் காட்டில் கையெழுத்து வைத்து மூடினா. யன்னலைத் திறந்துவிட்டு, வெளியே பார்த்தபடி மெல்லச் சிரித்துக்கொண்டு வந்தா.

வவுனியாவில் ஒரு தேநீர்க் கடைக்கு முன்னால் வான் நின்றது. மற்ற நாட்களில் ரெஜினா அங்கே இறங்கினால், முழங்கால் மடங்க மறுத்து, கதவைப் பிடித்தபடி ஐந்து நிமிடம் நிற்பாவாம். அதைப் பிறகுதான் எங்களுக்குச் சொன்னா. அன்றைக்கு இறங்கினா, கதவைச் சாத்தினா, நேரே நடந்து கடைக்குள் போய்விட்டா. நாங்கள் இரண்டு பேரும் இருந்த இடத்தில் இருந்து அந்த நடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடை வாசலில் ரெஜினாவின் தலை தெரிந்தது.

"என்ன, ரெண்டு பேரும் இன்னும் இறங்கேல்லையோ? தேத்தண்ணி ஆறுது!"